முன் சக்கரத்தருகே ஒரு ஜோடி செருப்பு

நம்பினால் நம்புங்கள், இது என் வீட்டு ஆட்களுக்கு நடந்தது. என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். இந்தக் கதையை அவரை எத்தனையோ முறை சொல்ல வைத்துவிட்டேன். காது ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டப்பகல். சாப்பாட்டு வேளை.

அறுவடை இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. புது மாடல்களை உருவாக்கும் கொட்டகையில், அவற்றை முதலில் ஓட்டிப் பார்ப்பவர். ஓரிடத்தில் நிற்கமாட்டார் என்பதால் அங்கே அவருக்குப் பெயர் பம்பரம். என் தம்பியும் அதே கொட்டகையில்தான் ஃபிட்டர். வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். இயந்திரத்தின் வயிற்றுக்குள் நுழைகிறவர் செருப்பை முன் சக்கரத்தருகே கழற்றி வைக்க வேண்டும். அடியில் ஒட்டிய பொடிக்கல் ஒன்று சல்லடையில் விழுந்தாலும் சோதனை பாழ். நாளடைவில் அதுவே அடையாளமாகிவிட்டது. செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு, சாவியைத் தொடக்கூடாது. உள்ளே இரும்புப் பற்களோடு கதிரடிக்கும் உருளை இருக்கிறது. அதற்குக் கதிரும் ஒன்றுதான், மனிதனும் ஒன்றுதான்.

அன்று என் தம்பி உள்ளேதான் இருந்தான். சல்லடையில் ஒரு போல்ட்டை முறுக்கப் போனவன் யாரிடமும் சொல்லவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. காலில் புது ஷூவாம், மண்ணே படவில்லையாம்! இப்போது நினைத்தாலும் அவனை நாலு சாத்து சாத்தலாம் என்று வருகிறது.

இவருக்கு அது தெரியாது. மச்சான் சாப்பிடப் போயிருக்கிறான் என்றே நினைத்தார். போனில் மேலதிகாரி வேறு கத்தினார்.

“முதலாளி கிளம்பிட்டாரு. இன்னைக்கும் மிஷின் கதிர் அடைச்சுக்கிட்டு நின்னா கொட்டகையையே இழுத்து மூடிடுவாரு. சீக்கிரம் ஓட்டிப் பாருய்யா!”

சாவியோடு ஓடினார். முன் சக்கரத்தருகே ஒரு ஜோடி செருப்பு. பழைய தோல் செருப்பு, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது.

“யாரு உள்ள?”

பதில் இல்லை. தகட்டில் தட்டினார். டங்... டங்... பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இருட்டுதான் தெரிந்தது. எவனோ விளையாடுகிறான் என்று கடுகடுத்தபடி செருப்பை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு மேலே ஏறினார். இருக்கையில் உட்கார்ந்து, எதற்கோ கீழே பார்த்தார்.

செருப்பு சக்கரத்தருகே இருந்தது.

இறங்கினார். சுவரோரம் காலி. செருப்பைக் கையில் எடுத்தபோது... உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல.

வாசலுக்கு வெளியே வீசினார். கதவைத் தாழிட்டார். ஏறினார். கீழே பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். சாவியை நுழைத்தார். பாதி திருப்பினார்...

பார்த்துவிட்டார்.

அதே இடம். அதே செருப்பு.

சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டார். தன் செருப்பையும் கழற்றிவிட்டு, டார்ச்சோடு உள்ளே ஊர்ந்தார்.

ஒரு புது ஷூ தெரிந்தது.

அதற்குள் ஒரு கால்.

இழுத்தார். என் தம்பி! கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. பேச்சு இல்லை. டார்ச்சைச் சுற்றி அடித்தார். வேறு யாரும் இல்லை. அவனை வெளியே கொண்டுவந்து பார்த்தால், சக்கரத்தருகே இவர் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

வெக்கையில் மயங்கிவிட்டான் என்றார்கள். தம்பியும் ஆமாம் என்று தலையாட்டினான். சாவி இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தால்... எனக்குத் தம்பியும் இல்லை, புருஷனும் இல்லை. செருப்பு வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று தினமும் கும்பிட்டேன்.

போன வாரம்வரை.

போன வாரம் தம்பி தனியாக வந்தான். சமையலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அக்கா, அன்னைக்கு நான் மயங்கல. மாமா கூப்பிட்டது, தட்டினது எல்லாம் கேட்டுச்சு.”

“பின்ன ஏன்டா குரல் கொடுக்கல?”

“வாயைப் பொத்திட்டாங்க.”

“யாருடா?”

“தெரியல. பின்னால ஒட்டிப் படுத்திருந்தாரு. அசைய விடல. அவரு காலு என் காலை அழுத்திட்டு இருந்துச்சு.”

தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெறுங்காலு, அக்கா.”