தண்ணீர் குடித்து முடிக்கும் வரை

மான் இறைச்சி என்றால் கனடாவின் மல்வேர்னில் வராத தமிழர் இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வாயைக் கொடுத்தேன்.

1987ஆம் ஆண்டு, மரங்கள் இலை கொட்டத் தொடங்கிய காலம். எங்கள் கட்டடத்தின் கீழ் ஹோலில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். குழந்தையின் தகப்பன் என்னோடு ரெக்ஸ்டேலில் ஒரே பிளாஸ்ரிக் பக்டரியில் வேலை செய்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆகவே எனக்குத் தம்பி. அவருடைய காரில்தான் நான் வேலைக்குப் போய் வந்தேன். அந்த ஹோலில் எனக்கு உண்மையாகப் பழக்கமானவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் ஏழாம் மாடித் தனிக்கட்டை. நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணம் கட்டாதவனோடு குடும்பக்காரர் என்ன கதைப்பது? "எப்பிடி அண்ணை, வேலை எப்பிடி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வடைத் தட்டை நோக்கிப் போனார்கள்.

யாரோ ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். மான் வற்றல் என்றதும் ஆண்கள் எல்லோருக்கும் வாயூறியது. அப்போது நான் சொன்னேன், என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, துவக்கும் இருக்கிறது, நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறேன் என்று. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கனடாவுக்கு வந்து நாலு வருடத்தில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலைக்கு ஏறிவிட்டது. வேட்டை முடிந்து அடுத்த கிழமை ஞாயிறு எல்லோரும் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், குடும்பமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மான் அப்போது காட்டில் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது.

என் வீட்டு வாசலை அதுவரை மிதித்தவர்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்ரெண்டனும், குளிர்சாதனப் பெட்டி திருத்த வந்தவனும்தான். அதனால்தான் அந்த மான் எனக்கு வேண்டியிருந்தது. இறைச்சி ஆசை எனக்குப் பெரிதாக இல்லை.

துவக்கும் லைசென்ஸும் வந்த கதை சுருக்கமானது. ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நான் வேட்டை வகுப்பொன்றில் சேர்ந்தேன். வகுப்பெடுத்த வெள்ளைக்காரர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்து அரை மணி நேரம் வரைதான் சுடலாம். அதற்கு முன்னும் பின்னும் துவக்கு வெறுமையாக, உறைக்குள் இருக்க வேண்டும். என்ன நிற்கிறது, அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று கண் தெளிவாகச் சொல்லாத நேரத்தில் விரல் அசையக் கூடாது என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னாரில் காட்டுப் பக்கம் நாங்கள் வேட்டைக்குப் புறப்படுவதே இருண்ட பிறகுதான். நெற்றியில் ரோச் லைட்டைக் கட்டிக்கொண்டு, மினுங்கும் கண்ணைப் பார்த்துச் சுடுவோம். அங்கே வேட்டை தொடங்கும் நேரத்தில் இங்கே வேட்டை முடிந்துவிடுகிறது. மானுக்கு லைட் அடிப்பது இங்கே பெரிய குற்றம்.

வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது சிரிப்பு போய்க் கோபம் வந்தது. ஊரில் மனிதரைச் சுடவே நேரம் காலம் இல்லாமல் இருந்த நாட்கள் அவை. கோயிலுக்குப் போனவர், கடைக்குப் போனவர், படுத்துக் கிடந்தவர் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு மிருகத்துக்கு மணிக்கூடு பார்த்துக் காவல். இரண்டு நாள் அந்தக் கோபத்தோடு திரிந்தேன். பிறகு, எப்படியென்று தெரியவில்லை, அந்த அரை மணி நேரத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. போதும், இனி நிறுத்து என்று சொல்ல உலகத்தில் எங்கேயாவது ஒரு நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் வேட்டைக் கூட்டமும் ஒழுக்கமே இல்லாத கூட்டமல்ல. பெட்டையா கிடாயா என்று பார்க்க மாட்டார்கள், சினையா என்றும் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை. தண்ணீரில் வாய் வைத்த மிருகத்தைச் சுடக் கூடாது. குடித்து முடித்துக் கரையேறித் திரும்பும் வரை பொறுக்க வேண்டும். ஒரு தடவை மூன்று நாள் வெறும் கையோடு அலைந்தவர்கள்கூட அப்படிப் பொறுத்திருந்து, பன்றியைத் தவறவிட்டதைக் கண்டிருக்கிறேன். ஏனென்று கேட்டால் யாருக்கும் விளக்கம் தெரியாது. செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

பக்டரி போர்மனின் தமையனுக்கு நகரத்துக்கு வடக்கே காணி இருந்தது. அங்கே வேட்டையாட அனுமதி வாங்கியிருந்தேன். துவக்கு வேட்டைக் காலம் ஒரு கிழமைதான். எனக்கு லீவு கிடைத்தது கடைசிச் சனிக்கிழமை மட்டும். தம்பி காரோட்ட வந்தார். அவருக்கு வேட்டையில் ஆசையில்லை, மானில் ஆசை. பண்ணை ரோட்டோரம் காரை நிறுத்தி, ரேடியோவைப் போட்டு, சீற்றைச் சாய்த்துக்கொண்டார்.

நான் செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியுமாக, இருட்டிலேயே ஓடைக்கரை மரமொன்றில் சாய்ந்து உட்கார்ந்தேன். துவக்கு உறைக்குள் இருந்தது. கால் விரல்கள் விறைத்துவிட்டன. கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது கொம்பன் மான் ஒன்று என் முன்னால் நிதானமாக நடந்து போனது. அதன் மூச்சு புகையாக வந்தது. நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. போ ராசா போ, பின்னேரம் வா என்று மனதுக்குள் சொன்னேன். அந்தக் காலைக் குளிரில் என்னோடு அவ்வளவு பக்கத்தில் இன்னொரு உயிர் நின்றதே எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பகல் முழுக்க ஒன்றும் வரவில்லை. சாப்பிடக் கொண்டுபோன பாண் ஐஸ் பிடித்துக் கட்டையாகிவிட்டது. மனம் கணக்குப் போட்டபடி இருந்தது. எத்தனை கதிரை இரவல் வாங்க வேண்டும், பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் தனியாக ஒரு சட்டி வைக்க வேண்டும், கதவைத் திறந்ததும் என்ன சொல்ல வேண்டும். வாங்கோ, வாங்கோ என்று சொல்லிப் பார்த்தேன். காட்டுக்குள் இருந்துகொண்டு வாங்கோ என்று சொல்கிற பைத்தியக்காரன்.

சூரியன் மறைந்தது. வெளிச்சம் மெல்ல வடிந்துகொண்டிருந்த நேரத்தில் எதிர்க்கரைப் புதருக்குள்ளிருந்து கொம்பன் இறங்கி வந்தது. காலையில் பார்த்ததுதானா என்று தெரியாது. மணிக்கூட்டைப் பார்த்தேன், ஐந்தாறு நிமிடம் மிச்சம் இருந்தது. துவக்கை உயர்த்தினேன். முன்காலுக்குப் பின்னால் குறி நன்றாகத் தெரிந்தது. குழந்தைகூடச் சுட்டு விழுத்தலாம்.

அது தலை குனிந்து தண்ணீரில் வாய் வைத்தது.

நான் பொறுத்தேன். எப்படியும் முடித்துத் திரும்பும், அப்போது சுடலாம் என்று நினைத்தேன். அது குடித்தது. ஒருமுறை தலை நிமிர்ந்து காதை அசைத்தது, பிறகு இன்னும் ஓரடி உள்ளே வந்து மறுபடியும் குனிந்தது. என்ன தாகமோ தெரியாது. அன்றைக்கு அந்த ஓடையை வற்றவைக்க வந்தது போலக் குடித்தது. குடிச்சு முடி, குடிச்சு முடி என்று நெஞ்சுக்குள் கெஞ்சினேன். இருபது பேர் என் வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்பதாகத் தோன்றியது. கண் மணிக்கூட்டுக்கும் மானுக்கும் மாறி மாறி ஓடியது.

நேரம் முடிந்தது. மான் குடித்துக்கொண்டே இருந்தது.

தோட்டாக்களைக் கழற்றினேன். அந்தச் சத்தத்துக்கு அது தலை நிமிர்ந்து என் பக்கம் பார்த்தது. துவக்கை உறைக்குள் வைத்து, மூடிக்கொண்டு காருக்கு நடந்தேன்.

"என்ன அண்ணை, வெடிச் சத்தம் ஒண்டும் கேக்கேல்லை?" என்றார் தம்பி.

நடந்ததைச் சொன்னேன். அவர் கார்ச் சாவியைத் திருப்பாமல் என்னையே பார்த்தார்.

"எவ்வளவு நேரம் பிந்தினது?"

"ஒரு நிமிசம் இருக்கும்."

"இந்தக் காட்டுக்குள்ள ஆர் அண்ணை பாத்தது?"

"ஒருத்தரும் பாக்கேல்லை."

"பிறகென்ன? சுட்டிருக்கலாமே."

துவக்கைப் பின்சீற்றில் கிடத்தினேன். நெடுஞ்சாலைக்கு ஏறிய பிறகு அவரே மறுபடியும் தொடங்கினார். "சரி விடுங்கோ. நல்ல ஆட்டிறைச்சியா வாங்கி, கொஞ்சம் மிளகு கூடப் போட்டு, மான் எண்டு குடுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"அது சரிவராது தம்பி."

"நீங்களும் உங்கட சட்டமும்" என்றார். நல்ல மனிதர்தான், எனக்காகத்தான் சொன்னார்.

அந்தக் கிழமை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தேன். மான் கிடைக்கவில்லை, ஆடு சமைக்கிறேன், கட்டாயம் வாருங்கள் என்றேன். ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். மறுமுனையில் சிலர் சிரித்தார்கள். ஒருவருக்கு அந்த ஞாயிறு ஓவர்டைம் வந்துவிட்டது. இன்னொருவரின் பிள்ளைக்கு இருமல். "ஆடு எங்கட வீட்டிலயும் இருக்குத்தானே அண்ணை, மான் கிடைக்கேக்க சொல்லுங்கோ" என்று ஒருவர் மட்டும் ஒளிக்காமல் சொன்னார். அவரில் எனக்குக் கோபமில்லை.

இருந்தும் ஞாயிறு சமைத்தேன். வீம்புதான். பெரிய சட்டி நிறையக் கறி, இன்னொன்றில் உறைப்பில்லாத கறி. நிலத்தில் துணி விரித்து, கதிரைகளைச் சுவரோடு ஒதுக்கி வைத்தேன். தம்பி குடும்பம் வருவதாகச் சொல்லியிருந்தது. மத்தியானம் போன் வந்தது, மனைவிக்குத் தலையிடியாம். பின்னேரமாகியும் வெளியே கேட்ட காலடிச் சத்தமெல்லாம் வேறு கதவுகளுக்கே போனது. சுட்டிருந்தால் இந்நேரம் இந்த அறை கொள்ளாது. அந்த மானை அப்போது நான் திட்டினேன். என்னையும் திட்டினேன்.

இருண்டபின் கதவில் தட்டுக் கேட்டது. திறந்தேன். மூன்றாம் மாடியில் மகனோடும் மருமகளோடும் இருக்கிற திருகோணமலை அக்கா தனியாக நின்றார். விதவை, சுத்த சைவம். லிஃப்ரில் கண்டால் தலையசைப்பதோடு சரி. காட்டுக்குள் பழகி வைத்த வாங்கோ வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"உள்ள வரலாமோ தம்பி?"

"வாங்கோ அக்கா. ஆனா இங்க எல்லாம் மச்சம், ஆட்டுக்கறி."

"மணக்குது. எனக்கு ஒண்டும் வேண்டாம், பால் விடாமல் ஒரு ரீ தாரும்."

ஒதுக்கி வைத்த கதிரைகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். தேநீரைக் கொடுத்ததும் சொன்னார்:

"தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்ட மானைச் சுடாமல் ஒருத்தர் வந்திட்டாராம் எண்டு மருமகள் போன் வைச்சிட்டுச் சிரிச்சவ. எனக்குச் சிரிப்பு வரேல்லை. ஆர் அந்தப் பிள்ளை எண்டு பாத்திட்டுப் போக வந்தன்."

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது, அதை அவருக்குக் காட்ட வெட்கமாக இருந்தது.

"பிறகு அது எங்க போனது?" என்று கேட்டார். அந்தக் கிழமை முழுக்க யாரும் கேட்காத கேள்வி.

சொன்னேன். வாயிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்ததைச் சொன்னேன். காலையில் வந்த மானைச் சொன்னேன், விறைத்த காலைச் சொன்னேன், எங்கெங்கோ போய் மன்னார்க் காட்டைச் சொன்னேன். என் குரல் அந்த அறைக்குள் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. ஆறிய தேநீரைக் குடித்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

போகும்போது கதவடியில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாற ஞாயிறும் வீட்டிலதான் நிப்பீரோ?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வேறெங்கே நிற்கப் போகிறேன்?

"நிப்பன் அக்கா" என்றேன்.