கத்தரியக்கா சொல்லாத கடைசிக் காட்சி

கத்தரியக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது துணி வெட்டுவதால் மட்டும் இல்லை. வாயும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. எங்கள் தையல் கடையில் கட்டிங் மேசை அவளுடையது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுப்பவள்.

அந்த வாயால்தான் மகளையும் இழந்தாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவளை, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று அனுப்பிவிட்டாள். ஆறு மாதம் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஃபோன். மகளுக்கு ஆஸ்பத்திரி வரவேற்பில் மாலை ஷிஃப்ட். அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துவந்த சீரியலை அவளால் பார்க்க முடியவில்லை. "நேத்து என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். அக்கா கதையைச் சொன்னாள். கதையை மட்டும்.

நான்கு வருடமாக அதே பதினொரு மணி, அதே கேள்வி. வேறு பேச்சை எடுத்தால் சண்டை வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் பயம். நடுவில் அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் அழுகை கேட்கத் தொடங்கியது. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கதையை இன்னும் சத்தமாகச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊசியாலேயே குத்தியிருப்பேன்.

அந்தப் பாழாய்ப்போன சீரியல் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. பிரிந்திருந்த அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள். "நம்ம வீட்டுக்கு வாடி" என்றாள் அந்த அம்மா. அவ்வளவுதான், சுபம்.

மறுநாள் அக்கா கண் வீங்கி வந்தாள். "நல்லா அழுதேன்டி" என்றாள். அடுத்த மூச்சிலேயே சீறினாள். "அத்தன வருஷம் மூஞ்சிலயே முழிக்காதவ ரெண்டு நிமிஷத்துல எப்படிக் கட்டிப்பிடிப்பா? அவசர அவசரமா முடிச்சிட்டானுங்க, பாவிங்க. இன்னும் ஒரு வருஷம் இழுத்தா என்ன கேடு?"

பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெட்டுவது அவள் வழக்கம்.

"நேத்து கடைசி எபிசோடாமே! என்னம்மா ஆச்சு?"

"அது... முடியலடி. அந்தப் பொண்ணு மயங்கி விழுந்துட்டா. அடுத்த வாரமும் இருக்காம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஷிஃப்ட்ல ஒளிஞ்சு நின்னு நானே பாத்துட்டேம்மா. அந்தம்மா கடைசியா சொன்னாங்களே, அத உன் வாயால கேக்கலாம்னு நெனச்சேன். சரி, நீ வேலையப் பாரு."

வைத்துவிட்டாள்.

"அந்த ஒரு வார்த்தையச் சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று கத்தினேன்.

"சீரியல்காரிக்கு எழுதிக் குடுக்கிறான், சொல்றா. எனக்கு வரலியேடி" என்றாள் அக்கா. அவளை அவ்வளவு பயந்து நான் பார்த்ததே இல்லை.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு ஃபோன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அக்கா ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்தாள். இருபது வருடத்தில் செய்யாத தப்பு. அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். இந்த நான்கு வருடத்தில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா, உடம்புக்கு என்ன?" மகள் பதறினாள். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"கடைசி சீன்ல அந்தம்மா சொன்னத என் வாயால கேக்கணும்னியே..."

"சொல்லும்மா."

"'கொழந்தைக்கு என்ன பேரு வெச்சே'ன்னு கேட்டா."

அந்தக் கடைசிக் காட்சியை நானும்தான் பார்த்தேன். அதில் குழந்தையே கிடையாது.