வெட்டிய சொல்லும் தெரிய வேண்டும்

போன வாரம் ஒரு கடிதம் எழுதினேன். யாருக்கு? எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீட்டுக்கு. சிரிக்காதீர்கள்...

வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. நாலாம் மாடியில் ரஞ்சி அக்கா. இட்லி மா அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். காலை எட்டரைக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கும் — சரியாக எங்கள் படுக்கையறைக்கு மேலே. என் மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. இந்த மாதம் இரவு டியூட்டி. அவள் வந்து படுக்கும் நேரமும் அதுதான்.

ஒருநாள் வீடு திரும்பும்போது பஸ்ஸிலேயே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கல்கிசையில் போய்க் கண் விழித்தாள். "வார்ட்டில மருந்தை மாறிக் குடுத்திடுவனோ எண்டு பயமாக் கிடக்கு" என்றாள். இனியும் சும்மா இருக்கலாமா?

நேரில் போய்க் கதைக்க எனக்குக் கூச்சம். இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே வட்ஸ்அப். 'காலையில் கிரைண்டர் போடுவதைத் தவிர்க்கவும்.'

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. மறுநாள் காலை கிரைண்டரும் வந்தது.

அன்று பின்னேரம், மனைவி டியூட்டிக்குப் போன பிறகு, பேப்பரும் பேனையும் எடுத்தேன். விஷயத்தை எழுதி, மேல்வீட்டுக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு, லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியால் இறங்கி ஓடி வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெல் அடித்தது. ரஞ்சி அக்கா. கையில் என் கடிதம்.

"தம்பி, 'உங்கள் கிரைண்டர் பெரிய தொல்லை' எண்டு எழுதி வெட்டியிருக்கிறீர். பிறகு 'கரைச்சல்' எண்டு எழுதி அதையும் வெட்டியிருக்கிறீர். கடைசியில 'சின்னச் சத்தம்'. இதில எது உண்மை?"

"சின்னச் சத்தம்தான் அக்கா."

"பொய் சொல்லாதையும். வெட்டினதும் வடிவாத் தெரியுது."

கடிதத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"போனில நீர் போட்டது லிப்டில ஒட்டுற நோட்டீஸ் மாதிரி இருந்தது. எனக்கு ஓடர் போட இவர் ஆர் எண்டுதான் அரைச்சனான். இதைப் பார்த்தா... பாவம், பயந்து பயந்து எழுதின மாதிரிக் கிடக்கு. அந்தப் பிள்ளைக்கு நைட் டியூட்டி எண்டு முதலே சொல்லுறதுக்கு என்ன? கிரைண்டரை அறையிலயிருந்து முன் ஹோலுக்கு மாத்திறன்."

உண்மையைச் சொன்னால், போனிலும் நான் அழித்து அழித்துத்தான் எழுதினேன். ஆனால் அங்கே அழித்தது அழிந்தே போய்விடுகிறது. போய்ச் சேர்வது தயக்கமே இல்லாத ஒரு வசனம். பேப்பரில் அப்படியா? யோசித்தது, பயந்தது, மனம் மாறியது — எல்லாம் அந்த வெட்டுக் கோட்டுக்குள்ளேயே கிடக்கும். மரியாதை நாம் எழுதிய சொல்லில் மட்டுமா இருக்கிறது? வேண்டாமென்று வெட்டிய சொல்லிலும் இருக்கிறது.

மறுநாள் மனைவி பின்னேரம் மூன்று மணிக்குத்தான் எழும்பினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே முகட்டைப் பார்த்தாள்.

"ரஞ்சி அக்காவுக்குச் சுகமில்லையோ? சத்தத்தையே காணேல்ல. ஒருக்கா மேல போய்க் கேட்டுட்டு வாங்கோவன்."

எழுதிக் கேட்கட்டுமா என்றேன்.