பதினொன்றாவது ஏணி

ஒரு மனிதர் “சம்மதமில்லை” என்று தமிழில் எழுதிக் கொடுத்த கடிதத்தை, “சம்மதம்” என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அடியில் கையெழுத்தும் போட்டவள் நான். தெரியாமல் செய்யவில்லை. அவசரத்தில் கண் தவறவும் இல்லை. மூன்று முறை படித்துவிட்டுத்தான் செய்தேன்!

உங்களிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போகலாம் என்று இதை எழுதவில்லை. எனக்கு மன்னிப்பு வழங்க நீங்கள் யார்? வீட்டுக்குள்ளேயே கழிப்பறை உள்ளவராக இருந்தால், தீர்ப்பு எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் தாராவியை ஒட்டிய மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. வீட்டுக்கு வந்த வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். நகரங்களுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில், செம்பூர் அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த ஒன்று போதுமாக இருந்தது, இத்தனையும் நடக்க…

‘ஸ்மார்ட்’ என்ற சொல்லை வைத்து நிதி கேட்கும் காலம் அது. பணம் சும்மா வந்துவிடாது. நகரத்தில் ஓர் இடத்தை முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் படம் வரைய வேண்டும். அங்கே குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி மேலே அனுப்பினால் மதிப்பெண் போடுவார்கள். தேறினால் நிதி உண்டு. இல்லாவிட்டால் வரைந்த படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் கையில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, செம்பூரில் மரங்கள் அடர்ந்த அகலமான சாலை. இன்னொன்று, தாராவியில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சந்து. ஒன்றைத்தான் அனுப்ப முடியும். எங்கள் மேலாளருக்குச் செம்பூர் சாலையின்மீதுதான் கண். படத்தில் அழகாக இருக்கும், தகராறு வராது என்றார். தாராவிச் சந்துக்காக அவரிடம் மல்லுக்கு நின்றவள் நான்.

ஏன் நின்றேன்? இசக்கியம்மாள் என்ற பெண்ணால். அந்தச் சந்தில் குடியிருந்துகொண்டு, செம்பூரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறவர். கருத்துக் கேட்கும் கூட்டத்தில் நான் கேமராக் கம்பம், தானாக எரியும் விளக்கு என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றார்.

“எம்மா, நீங்க கேமரா வைப்பியளோ, லைட்டு வைப்பியளோ… சாயங்காலம் நாலு மணிக்கு மேல நான் தண்ணி குடிச்சு இருவது வருசமாச்சி. இருட்டுன பொறவு அந்தப் பொதுக் கக்கூசு வரிசையில பொம்பள போயி நிக்க முடியாது, பாத்துக்கிடுங்க. இத எழுத ஒங்க தாள்ல எடம் இருக்கா?”

இடம் இல்லை! அதுதான் வேடிக்கை. கம்பத்துக்கு மதிப்பெண் உண்டு, விளக்குக்கு உண்டு, ஒரு பலகையில் ஓடும் எழுத்துக்குக்கூட உண்டு. சாக்கடைக் குழாய்க்குக் கிடையாது. அது வேறு திட்டம், வேறு துறை, வேறு வருடம் என்றார்கள். குழாய் இல்லாமல் எந்த வீட்டிலும் கழிப்பறை கட்ட முடியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பங்களுக்கு மின்கம்பி கொண்டுபோகப் பள்ளம் தோண்டத்தானே வேண்டும்? அதே தோண்டலில் பக்கத்திலேயே சாக்கடைக் குழாயையும் வரைந்தேன். ‘நிலத்தடிப் பொதுத் தடம்’ என்று பெரிதாக ஒரு பெயர் வைத்தேன். மேலாளர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இந்தத் திருட்டுத்தனத்துக்காக நான் வெட்கப்படவில்லை. இன்றைக்கும் பெருமைதான்!

ஆனால் அந்தத் தோண்டலுக்குச் சந்தின் முழு அகலமும் வேண்டியிருந்தது. சந்திலோ ஏணிகள் நின்றன.

தாராவியில் பல வீடுகளில் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். மேலறையை மாலா என்பார்கள். அதற்கு ஏற வெளியே, சந்திலேயே, நெட்டுக்குத்தாக ஓர் இரும்பு ஏணி. எங்கள் சந்தில் பதினொன்று இருந்தன. பத்து வீட்டுக்காரர்கள், கூரைப் பலகையில் ஓட்டை போட்டு ஏணியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். கழிப்பறை வருகிறதே, அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தார்கள்.

பதினொன்றாவது ஏணி ஜெய்லானி பாயுடையது. கடையநல்லூர்க்காரர். மாலாவில் ஆறு தையல் மெஷின் போட்டுத் தோல் பெல்ட்டும் பர்ஸும் தைத்துக்கொண்டிருந்தார். வீட்டின் சொந்தக்காரர் ஒரு சேட்; கீழறையைப் பிளாஸ்டிக் குடோனாக வைத்திருந்தார். உள்ளே ஏணி வைத்தால் தனக்கு மூட்டை அடுக்க இடம் போய்விடும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். வெளியே உள்ள ஏணியும் போனால் பாய்க்கு மேலே ஏற வழி கிடையாது.

அவர் சண்டைக்கு வரவில்லை. கோடு போட்ட தாளில், நீல மையில், அச்சடித்ததுபோல் இரண்டு பக்கம் எழுதி என்னிடம் கொண்டுவந்து தந்தார். என்னிடம் ஏன் தந்தார்? நான் தமிழ் படிப்பேன் என்பதால். “அப்படியே இங்கிலீஷ்ல எழுதி மேல அனுப்பிடறேன், பாய்” என்றேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். “சாக்கடை வரட்டும், நாற்பது வீடும் நன்றாக இருக்கட்டும். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் ஏணிக்கு ஒரு மாற்று வழி சொல்லாமல் வேலையைத் தொடங்க எனக்குச் சம்மதமில்லை. இந்த ஆறு மெஷினும் இந்த ஏணி வழியாகத்தான் ஏறின. என்னோடு நான்கு பேர் இதை நம்பிச் சாப்பிடுகிறார்கள்…” இப்படிப் போகும். கோபமாக ஒரு சொல் இல்லை. நியாயமில்லாத ஒரு சொல்லும் இல்லை.

குடியிருப்பவர்களின் கருத்தைப் பதியும் படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஆதரவு, ஆட்சேபம். ‘ஆனால்’ என்று தொடங்கும் மனிதர்களுக்கு அங்கே கட்டம் கிடையாது. ஆட்சேபத்தில் ஒரே ஒரு கடிதம் விழுந்தாலும், தகராறு உள்ள இடம் என்று தாராவியை ஒதுக்கிவிட்டுச் செம்பூர் சாலையை அனுப்பிவிடுவதாக மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். கட்டு மறுநாள் காலை போக வேண்டும்.

என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்? சொல்லுங்கள்! நாற்பது வீட்டுப் பெண்களா, ஓர் ஏணியா?

நான் பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. வெட்டினேன். “சாக்கடை வரட்டும், நாற்பது வீடும் நன்றாக இருக்கட்டும், நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.” இந்த மூன்றையும் மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதினேன். பிறகு வந்த ‘ஆனால்’ முதல் கடைசி வரை எல்லாவற்றையும் விட்டேன். ஆதரவு என்ற கட்டத்தில் குறி போட்டேன். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். நடுங்கவில்லை.

சந்து தேறியது. நிதி வந்தது. தோண்டினார்கள், குழாய் போட்டார்கள். ஏணியை அகற்ற ஆள் வந்த அன்று, ஜெய்லானி பாய் ஆறு மெஷினையும் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாராம். இரண்டு உடைந்துவிட்டன. நான் அங்கே இல்லை. இசக்கியம்மாள் சொல்லித்தான் தெரியும்.

அதைச் சொன்ன அதே சாயங்காலம், தன் வீட்டுக் கழிப்பறையைக் கதவைத் திறந்து காட்டினார். நீல நிற ஓடு பதித்த, ஓர் ஆள் திரும்ப மட்டுமே இடமுள்ள அறை. பிறகு எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் தந்து, தானும் ஒரு சொம்பு எடுத்து அண்ணாந்து மடமடவென்று குடித்தார். மணி ஐந்தரை. குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் என் காரியத்தைத் தவறு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இப்போதும் எழவில்லை!

ஆனால்…

ஆம், என்னிடமும் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. சுவரோடு ஒட்டி மடக்கி வைக்கும் ஓர் இரும்புப் படிக்கட்டு போதுமாக இருந்தது. திட்டத்தில் நான்கு கேமராக் கம்பங்கள் இருந்தன; ஒன்றைக் குறைத்திருந்தால் அதற்கு வழி பிறந்திருக்கும். மேலாளரிடம் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார், கடிதம் வெளியே வரும், சந்து கைநழுவும் என்று பயந்தேன். பயம்தானா அது? இல்லை, நான் மல்லுக்கு நின்று ஜெயித்த சந்து என் கையை விட்டுப் போகக் கூடாது என்ற பிடிவாதமா?

மூன்று வருடம் ஓடிவிட்டது. போன வாரம் ஜெய்லானி பாய் போன் செய்தார். நகரத்தின் விளிம்பில், சீத்தா கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் இருப்பதாகவும், ஒரு தாளைப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நேற்று, சனிக்கிழமை மத்தியானம், செம்பூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

ஒரே அறை. இரண்டு மெஷின். குர்லாவில் உள்ள ஒரு பட்டறைக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறார். நான்கு தையல்காரர்களும் எப்போதோ போய்விட்டார்கள். எனக்காக டீ வாங்கிவந்து மூடி வைத்திருந்தார். மாற்று இடம் கேட்டு வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். வக்கீலின் குமாஸ்தா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறார். தபாலில் ஒரு கட்டு வந்திருக்கிறது. எல்லாம் ஆங்கிலம். தன் நீல மை எழுத்தை மட்டும் அடையாளம் கண்டு, அதற்கு அடுத்த பக்கத்தை உருவி வைத்திருந்தார். அதன் அடியில் என் கையெழுத்து.

“இத வேற யார்ட்டயும் காட்டலம்மா. நீங்க எழுதுனத நீங்களே படிச்சாத்தான் எனக்குத் திருப்தி. நம்ம எழுதுன நியாயத்த அவங்க படிச்சிட்டுத்தான் ஏணியப் புடுங்குனாங்கன்னு கோர்ட்ல காட்டணும்.”

தாளை வாங்கினேன். மூன்று வரி. என் கண் அந்த மூன்று வரியின்மேல் இருந்தது. என் வாய் அவருடைய இரண்டு பக்கத்தையும் படித்தது! சாக்கடை வரட்டும் என்பதிலிருந்து தொடங்கி, ஏணி, மெஷின், நான்கு பேர் சாப்பாடு வரை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அன்றைக்கு வெட்டியதையெல்லாம் நேற்று அவர் முன்னால் உட்கார்ந்து ஒட்டவைத்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்ததும் தாளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இத்துனூண்டா இருக்கேம்மா… நான் ரெண்டு பக்கம்லா எழுதுனேன்?”

“இங்கிலீஷ்ல சுருக்கமா வந்துடும், பாய்.”

நம்பினார். என் படிப்பின்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. தாளை மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார். திங்கட்கிழமை வக்கீலிடம் போவதாகவும், நம்ம ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும், நீங்களும் ஒரு எட்டு வர வேண்டும் என்றும் கேட்டார். வருகிறேன் என்றேன்.

இப்போதே போனை எடுத்து உண்மையைச் சொல்லிவிடலாமே என்கிறீர்கள். சொல்லலாம். காலையிலிருந்து போன் என் கையில்தான் இருக்கிறது. சொன்னால் என்ன சொல்வது? உங்கள் ஏணி பெரிதில்லை என்று நினைத்தேன் என்றா? அந்தக் குழாய் வந்தது சரி என்று நான் யார் முன்னாலும் சொல்வேன். நாற்பது வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கான விலையை என் கையிலிருந்து நான் கொடுக்கவில்லை என்பதை மட்டும் எங்கே போய்ச் சொல்வது…

போகத்தான் போகிறேன். ஒளிந்துகொள்ள மாட்டேன். நாளைக் காலை பதினோரு மணிக்கு அந்த உறையிலிருந்து தாளை எடுத்து வக்கீல் படிப்பார். மூன்று வரிதானே, ஒரு நிமிடம்கூட ஆகாது. படித்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஜெய்லானி பாயிடம் இந்தியில் சொல்வார். இந்தி அவருக்கு நன்றாகப் புரியும்.