மேஸ்திரி மாற்றிய வீடு

நகை செய்கிறவளுக்கு மேஸ்திரி என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியம் அவளுடைய நாத்தனாரையே சேரும். அவள் எப்போது வந்தாலும் இவள் ஏணி மேல் நிற்பாள். கையில் பிரஷ், தலையில் பழைய துணி, மூக்கு நுனியில் பெயிண்ட். "என்ன மேஸ்திரி, இன்னிக்கு எந்தச் சுவருக்குச் சனி பிடிச்சிருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் நாத்தனார் செருப்பைக் கழற்றுவாள். அந்தப் பெயர் மாடிப்படி இறங்கி, தெருவைக் கடந்து, பால்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீடு இரண்டாவது மாடியில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்கவேண்டிய சமையலறை. கூடத்தில் அவளுடைய வேலை மேசை. அதன்மேல் மூக்குக் குறடு, அரம், சின்னச் சுத்தியல், சுருள் சுருளாக வெள்ளிக் கம்பி. தோடும் பதக்கமும் செய்து கடைத்தெருவில் ஒரு கடைக்காரம்மாவிடம் கொடுப்பாள். அந்த அம்மா லேசில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ரகம் இல்லை. ஆனால் இவள் கொண்டுபோகும் தோடுகளை மட்டும் முதலில் தன் காதில் வைத்துக் கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் அடுக்குவாள்.

"இந்த யோசனையெல்லாம் உனக்கு எங்கேருந்தும்மா வருது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கடல்லேருந்து வருதும்மா. அனுப்புற செலவுகூட இல்ல," என்றாள் மேஸ்திரி.

கடைக்காரம்மா அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். விளையாட்டு இல்லை. மேஸ்திரியின் புருஷன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை ஃபிட்டர். போனால் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். பேச்சில் மனுஷன் மகா கஞ்சன். போனில் "சாப்டியா", "சாப்டேன்", "வேற?" என்று மூன்று வார்த்தையில் கடையைக் கட்டிவிடுவான். ஆனால் படம் அனுப்புவான். அஸ்தமனம், துள்ளுகிற மீன் என்று ஊரார் அனுப்புகிற படம் இல்லை. நைந்த கயிற்றின் நுனி. துரு தின்ற ஒரு போல்ட்டின் தலை. உப்புக்காற்றில் உரிந்த பெயிண்டும் அதற்கடியில் எட்டிப் பார்க்கிற பழைய பெயிண்டும். "இத ஏன் அனுப்புனீங்க?" என்று கேட்டால், "தெரியல. உன் ஞாபகம் வந்துச்சு," என்பான். துருப்பிடித்த போல்ட்டைப் பார்த்துப் பெண்டாட்டியை நினைக்கிற ஆளிடம் கோபப்படுவதா, கொஞ்சுவதா? அவள் இரண்டும் செய்யாமல் படத்தை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு கம்பியை எடுப்பாள். நைந்த கயிறு, நுனி பிரிந்த தோடாக மாறும். உரிந்த பெயிண்ட், தகட்டின்மேல் தகடு வைத்த பதக்கமாகும்.

அதிலும் தீராமல் ஏக்கம் மிஞ்சும். மிஞ்சியது சுவருக்கு. முன்பெல்லாம் பெயிண்டோடு நிற்பாள்; இந்த முறை கூடத்துச் சுவரை மஞ்சளாக்கிய பிறகும் கை ஓயவில்லை. அலமாரியைக் கூடத்திலிருந்து படுக்கையறைக்குத் தள்ளினாள். அது இருந்த இடத்தில் கண்ணாடியை மாட்டினாள். கட்டிலைத் திருப்பினாள். திரைச்சீலையின் ஓரத்தில் வளையம் வளையமாகக் கம்பி கோத்தாள். வீட்டை அழகாக்குகிறாள் என்று அக்கம்பக்கம் நினைத்தது. அவளுக்குத்தான் தெரியும், அவன் போன மறுநாள் அந்த வீடு எப்படி இருக்கும் என்று. கொக்கியில் அவன் துண்டு, நாற்காலியில் அவன் சாய்ந்த பக்கம், தலையணையில் ஒரு பள்ளம். அதையெல்லாம் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. அதனால் அவன் எப்போது போனாலும் ஏணி வெளியே வந்துவிடும்.

இந்தத் தடவை அவன் லீவில் வந்தபோது அவள் மனதில் ஒரே கணக்குதான் ஓடியது. ஊரிலேயே ஒரு பம்பு பழுதுபார்க்கும் பட்டறையில் அவனுக்கு வேலை காத்திருந்தது. அவன் "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கப்பலுக்கு முழுக்குப் போட்டுவிடலாம். வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் மனுஷனுக்குத் திரும்பிப் போகவே மனசு வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

அவன் வாசலில் நின்று பார்த்தான். "நல்லாருக்கு," என்றான். பிறகு பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இத எங்க வைக்கட்டும்?" என்றான்.

முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. குளிக்கப் போனவன் துண்டைத் தேடிச் சமையலறைக்குப் போனான். பகல் தூக்கத்திலிருந்து பாதிக் கண்ணோடு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய், திருப்பிப் போட்ட கட்டிலில் முழங்காலை இடித்துக்கொண்டான். அலமாரி இருந்த பக்கம் கை நீட்டி, கண்ணாடியில் தன்னையே தொட்டுவிட்டு விழித்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் எதைத் தொடுவதற்கு முன்னாலும் கேட்க ஆரம்பித்தான். "இங்க உக்காரலாமா?" "இந்த டம்ளர எடுத்துக்கவா?" காலணிகளைக்கூட வந்தவர் போனவர் மாதிரி வாசலோரம் ஒட்டி, ஜோடி சேர்த்து விட்டான்.

ஒரு காலையில் மேஸ்திரி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கை தானாகக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று ஒட்டி நிற்கிற இரண்டு நீள வளைவுகள், வாசலோரத்துக் காலணிகள் மாதிரி. பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. அவன் வீட்டில் இருக்கிற நாட்களில் அவள் ஒரு தோடும் செய்ததே இல்லை. ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஏக்கத்துக்கு என்ன வேலை? இப்போது அவன் அடுத்த அறையில் சட்டை மடித்துக்கொண்டிருக்கிறான், இங்கே அவள் கை அவனுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறது. கம்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தாள். வழக்கமான சனி விசாரிப்பு இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையைத் திருகினாள்.

"சொல்றதா வேணாமான்னு தெரியல. உன் வீட்டுக்காரன் தினம் மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்து தூங்குறான்."

"கடைக்குப் போறேன்னுல்ல சொல்றாரு?"

"எங்க வீட்ல என்ன இருக்கு? கால் ஆடுற கட்டில், காறை உதிர்ற சுவர். படுத்ததும் குறட்டை விடுறான். உங்களுக்குள்ள சண்டையா?"

"சண்டை போட்டாலும் பரவால்லையே அண்ணி," என்றாள் மேஸ்திரி. குரல் உடைந்துவிட்டது.

அவன் வந்ததும் நேராகக் கேட்டாள். அவன் மழுப்பவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கஷ்டப்பட்டுப் பேசினான். மூன்று வார்த்தைக்காரனுக்கு அது பெரிய பேச்சு.

"கப்பல்ல இன்ஜின் சத்தத்துல தூக்கம் வராது. கண்ண மூடிக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள நடப்பேன். கதவத் திறந்ததும் அலமாரி. அதத் தடவிக்கிட்டே வந்தா கட்டில். அந்தப் பக்கம் நீ. அங்க வந்து சேர்றதுக்குள்ள தூங்கிடுவேன். எத்தன வருஷமா அப்படித்தான். நீ அனுப்புன படமெல்லாம் பாத்தேன். அழகாதான் இருக்கு. ஆனா நான் நடந்த வீடு இது இல்லையே."

"நீங்க இல்லாத வீட்ட நான் எப்படி அப்படியே வச்சிருக்கிறது?" என்றாள் அவள். "உங்க துண்டு தொங்கிக்கிட்டே இருக்கும். ஆள் மட்டும் இருக்காது. அத நான் எத்தன மாசம் பாக்கணும்?"

இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் இதைச் சொல்லிக்கொண்டதே இல்லை. அவன் பார்க்க ஆசைப்பட்டதையே அவளால் பார்க்க முடியாமல் போயிருக்கிறது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான்.

"பட்டறை வேலைக்குச் சரின்னு சொல்லிடுங்க," என்றாள். "எல்லாத்தையும் பழையபடி மாத்திடுறேன். நாளைக்கே."

அவன் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே சொன்னான், "காலையிலதான் கப்பல் கம்பெனிக்குப் பேசினேன். வர்றேன்னு சொல்லிட்டேன்."

அவள் அழுதாள். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாக்குக் கொடுத்தால் மாறுகிற ஆள் இல்லை அவன். இந்த ஒரு நடை, திரும்பி வந்ததும் பட்டறை என்றான். கப்பல்காரர்கள் எல்லோருமே சொல்கிற பேச்சுதான் அது, அவளும் அதைப் பல தடவை கேட்டிருக்கிறாள்.

அவன் போன மறுநாள் ஏணி வெளியே வரவில்லை. அவன் துண்டு கொக்கியிலேயே தொங்கியது. வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாமா என்று அதன் பக்கத்தில் போய் நிற்பாள். தள்ளவும் கை வராது, தள்ளாமல் இருக்கவும் மனசு வராது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, கைய கட்டிக்கிட்டு நிக்கிற? எனக்கே பயமா இருக்கு," என்றாள்.

முதல் துறைமுகத்திலிருந்து போன் வந்தது.

"சாப்டியா?"

"சாப்டேன்."

வேற என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.

"கதவத் திறந்தா கண்ணாடி. சரியா?"

"என்னது?"

"நம்ம வீட்லதான். கதவத் திறந்தா வலது பக்கம் கண்ணாடி. அப்புறம் என்ன வரும்?"

ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண்ணாடி தாண்டினால் மஞ்சள் சுவர். அதற்கப்புறம் திரைச்சீலை, கை பட்டால் கம்பி வளையம் கிணுகிணுக்கும். அவன் திருப்பிச் சொன்னான். நடுவில் பழைய அலமாரியைக் கொண்டுவந்து நுழைத்தான். "அது படுக்கையறைக்குப் போயிடுச்சுங்க," என்று திருத்தினாள். மறுபடி முதலிலிருந்து சொன்னான். கட்டிலில் மறுபடி இடித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவது மாதிரி அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"அதுல நான் எங்க உக்காருவேன்?" என்று கேட்டான்.

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். எந்த மூலைக்கு எந்த நிறம் என்று யோசித்திருக்கிறாள். எந்த மெத்தைக்கு எந்த உறை என்று யோசித்திருக்கிறாள். இதை யோசித்ததே இல்லை.

"தெரியலங்க," என்றாள். "வந்து நீங்க சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்."

"உன்னால முடியுமா?"

"முடியாது. அடிச்சா அன்னிக்கே சொல்லிடுறேன்."

அவன் சிரித்தது இன்ஜின் இரைச்சலோடு கேட்டது. "சரி, மறுபடி முதல்லேருந்து. நான் வெளிய நிக்கிறேன். கதவத் திற."

போனைக் காதில் வைத்தபடியே அவள் போய் நிஜமாகவே கதவைத் திறந்தாள். மாடிப்படியில் யாரும் இல்லை.

"வாங்க," என்றாள்.