ஆவி வராத கொதிப்பு

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முதலாளி வீட்டு டிராக்டரை ஓட்டியவர் என் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் நாற்றுக்கட்டு சுமக்காமல் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள். அதனால் எங்களுக்குத் தீபாவளியைவிட ஆயுதபூஜைதான் பெரிது.

அந்த வருஷம் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. பூஜை முடிந்ததும் வண்டி எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற வேண்டும். "நாலு பேரு தள்ளியா பழத்தை நசுக்குறது? மானம் போயிடும்" என்று சித்தப்பா முந்தின நாளே சார்ஜ் போட்டுவிட்டார். சாரல் அடிக்கிறதென்று கொட்டகைக் கதவையும் சாத்தினார்.

காலையில் பார்த்தபோது, பேட்டரியின் மூடி திறந்த துளைகளில் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தது.

"கொதிக்குதே சித்தப்பா, ஆவியக் காணோமே?"

"சார்ஜ் ஏறுதுடா. கைய வைக்காத, ஆசிட்டு."

வயரைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். சக்கரத்துக்குக் காட்டினார், கலப்பைக்குக் காட்டினார். "பேட்டரிக்கும் காட்டுங்க. பாவம், ராவெல்லாம் உழைச்சிருக்கு" என்று சித்தி சிரித்தாள். அவர் தட்டோடு குனிந்தார்.

வெடித்தது. பட்டாசென்று நினைத்து, வெளியே பொரிகடலைக்கு நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"எரியுது, எரியுது" என்று சித்தப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். "தண்ணி படக்கூடாது, கொப்பளிச்சிடும்!" என்று யாரோ கத்தினார்கள். நெற்றியில் திருநீறு பூசி, தலையில் துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். தஞ்சாவூரில் டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "உடனே தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா?" இரண்டு கண்ணும் போய்விட்டன.

ஊர், சித்தியின் வாய்முகூர்த்தம் என்றது. அவளும் நம்பினாள். அதற்குப் பிறகு அவள் கற்பூரத்தைத் தொட்டதே இல்லை.

பிளஸ் ஒன் ஆய்வகத்தில், சோதனைக் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டி 'பொப்' என்று வெடிக்க வைத்தார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அன்றுதான் தெரிந்தது, பேட்டரியில் நான் பார்த்தது கொதிப்பே அல்ல. மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்திருக்கிறது. சாத்திய கொட்டகையில் அந்த வாயு ஒரு நெருப்புக்காகத் தேங்கி நின்றிருக்கிறது. வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். "அப்ப நான் சொன்னதால இல்லையா?" என்று கேட்டாள். நம்பவில்லை.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. கொட்டகையை ஒட்டி வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண் தெரியாமலே சித்தப்பா அந்தப் பக்கம்தான் திமிறினார். வலியில் திக்குத் தெரியாமல் ஓடுகிறார் என்று நினைத்து, அவருடைய புது வேட்டியை நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.