கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

குமரவேல் சார் இறந்த செய்தி, காரைக்கால் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது வந்தது. அவருடைய மகள் கயல், "அப்பா போயிட்டாங்கக்கா" என்று போனில் சொல்லிவிட்டு அழுதாள். வாங்கியதை அப்படியே போட்டுவிட்டு அவர் ஊரான நெடுங்காட்டுக்குக் காரை எடுத்தேன். இந்தக் காருக்காகத்தான் ஒரு காலத்தில் அவரை வங்கி நடுவில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வங்கியின் கடன் பிரிவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சண்டை நினைவிருக்கும். அப்பா கார் வாங்கியபோது கடனோடு ஆயுள் காப்பீடும் போட்டிருந்தார்கள். அவர் இறந்தால் மீதிக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும். எட்டே மாதத்தில் அப்பா மாரடைப்பில் போனார். நிறுவனமோ, சர்க்கரை நோயை மறைத்துப் பொய் உறுதிமொழி கொடுத்தார், பணம் கிடையாது என்று கடிதம் அனுப்பியது. கார் போனால் போகட்டும். என் அப்பாவைப் பொய்யர் என்று ஒரு காகிதம் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. டீக்கடையில் யாரும் கேட்காமலேயே "எனக்கு சுகர்" என்று அறிவிக்கிற மனிதர் அவர்.

"எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'ன்னு டிக் இருக்கு. கையெழுத்து அவங்களோடதுதானம்மா?" என்றார் குமரவேல் சார், தலையை நிமிர்த்தாமல். "பணம் கட்டலன்னா வண்டிய எடுத்துருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

அன்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து கடன் பத்திரங்களின் நகல்களைக் கட்டிலில் பரப்பினேன். அம்மாதான் கவனித்தாள். "இதுல மட்டும் அப்பா எழுதுற வரி எங்கடி?" அப்பா பிரெஞ்சு ஓய்வூதியக்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். கையெழுத்துக்கு மேலே "லு எ அப்ருவே", அதாவது படித்தேன், ஏற்றேன் என்று பிரெஞ்சில் எழுதாமல் எதிலும் கையெழுத்திட மாட்டார். கேஸ் சிலிண்டர் புத்தகத்தில்கூட எழுதியிருக்கிறார். கடன் பத்திரங்கள் எல்லாவற்றிலும் அந்த வரி இருந்தது. உடல்நல உறுதிமொழியில் மட்டும் இல்லை.

மறுநாள் அந்த உறுதிமொழியைக் குமரவேல் சார் மேசையில் வைத்து, அப்பாவின் வரியையும் அதன் அர்த்தத்தையும் சொன்னேன். "அப்பா இதப் படிக்கவே இல்லங்க. எப்படிக் கையெழுத்துப் போட்டாங்க?"

காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வெறும் ஃபார்ம்லதான் கையெழுத்து வாங்குனேன்," என்றார். "வண்டிய மந்திரிக்க சாமியார் மாதா கோயில்ல நிக்கிறாரு, சீக்கிரம்னு உங்கப்பா பறந்தாங்க. அப்புறம் நானே டிக் போட்டேன்." "அன்னிக்கு நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன். சுகர் இருக்கு, சீனி வேணாம்னு என்கிட்டயே சொன்னாங்கம்மா."

"இத எழுதிக் குடுப்பீங்களா?"

"ரிட்டயராக ஏழு மாசம் இருக்கு. கயலுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

எழுந்து வந்து, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். விசாரணை நாள் வரும்வரை அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இரண்டு முறை வங்கி ஆட்கள் வந்து காரைச் சுற்றிப் பார்த்துப் போனார்கள். அம்மா சாவியை ஜெபமாலையோடு சேர்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். குமரவேல் சார் சாட்சி சொல்ல வர மாட்டார் என்றே நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

வந்தார். எங்கள் வழக்கைக் கூப்பிடும் நேரத்தில், பஸ்ஸை விட்டிறங்கி வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார். "உங்க வேலைக்கே ஆபத்துன்னு தெரியுமா?" என்றார் நிறுவனத்தின் வக்கீல்.

"தெரியுங்க. ஆனா அந்த ஃபார்ம்ல இருக்கறது என் பொய்யி. செத்தவங்க தலையில வைக்காதீங்க."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அப்பா அவசரப்பட்டார், பொய் சொல்லவில்லை. குமரவேல் சாருக்கோ வங்கி விசாரணை வைத்தது. ஓய்வுப் பணம் நெடுநாள் நிறுத்திவைக்கப்பட்டது. கயலின் கல்யாணம் தள்ளிப்போனது. பிறகு அது நடந்தபோது பெண் அழைப்புக்கு என் காரைக் கொண்டுபோனேன். மகளை உட்காரவைத்தவர், தான் மட்டும் ஏறவில்லை. "இதுல உக்கார இன்னும் தைரியம் வரலம்மா," என்று சிரித்தார்.

ஆணையத்தில் அவர் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் காரில், ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கிறது. அதில் தன் கையெழுத்துக்கு மேலே, தமிழில், "படித்தேன், ஏற்றேன்" என்று எழுதியிருக்கிறார். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த வரியைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவர் மனைவியின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தோடு வங்கி ஊழியர் ஒருவர் வந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். "ஃபார்மாலிட்டிதாங்க, கீழ போடுங்க." நான்கு பக்கத்தையும் படித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"அத நான் ஆபீஸ்ல போட்டுக்கறங்க," என்றார் அவர்.

பேனாவை அவரிடமே கொடுத்தேன். "கயலோட அம்மா உள்ளதான் இருக்காங்க. கேட்டு எழுதிட்டு வாங்க."